வாசித்ததை விளங்கப்பண்ணுதல்: வாசகர் கேள்விகளும் ஆயரின் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிரசங்கத்தையும் வேத வாசிப்பையும் பற்றியே இருந்தன. ஒரே கேள்வியைப் பலர் பலவிதமாகக் கேட்டிருந்தமையால் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கு நீண்ட பதில் தேவைப்பட்டது. இடம் அதிகம் எடுத்துக்கொண்டதற்கு மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

*கர்த்தருக்குள் அன்பான ஐயா அவர்களுக்குத் தோத்திரம். நான் உசிலம்பட்டிப் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் சேகரத்தில் கிளைச் சபைகள் பல இருப்பதால், ஆயர் ஐயா மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்கள் ஊருக்கு வர முடிகிறது. மற்ற ஞாயிறுகளில் செய்தி கொடுக்கும் பொறுப்பு என்மீதும் இன்னொருவர்மீதும் விழுகிறது. சனிக்கிழமை இரவு யூடியூபில் ஒரு பிரசங்கத்தைக் கேட்டுக் குறிப்பெடுத்து, மறுநாள் அதையே பேசிவிடுகிறேன். பேசும்போது கை நடுங்குகிறது. சபையாரில் பாதிப்பேர் தூங்குகிறார்கள். எனக்கு இந்த அழைப்பே இல்லையோ என்று தோன்றுகிறது. விட்டுவிடலாமா?*
— வாசகர், உசிலம்பட்டி வட்டாரம்

தம்பி, கை நடுங்குவதை வைத்து அழைப்பை அளக்காதீர்கள். கொரிந்து சபைக்கு எழுதும்போது பவுல் தம்மைப் பற்றி, "நான் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன்" என்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரசங்க பீடத்தில் நின்ற எனக்கும் முதல் பாட்டு முடியும்வரை உள்ளங்கை வியர்க்கும். கவலைப்பட வேண்டியது அந்தச் சனிக்கிழமை இரவைப் பற்றித்தான்.

நீங்கள் கேட்கிற யூடியூப் பிரசங்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அது வேறொரு ஊரில், வேறு மனிதர்களை முன்னால் வைத்துக்கொண்டு ஆயத்தப்படுத்தப்பட்டது. உங்கள் ஆலயத்தில் பாயில் உட்கார்ந்திருப்பவர்களுக்குள் யார் வீட்டில் மகள் திருமணம் தள்ளிப்போகிறது, யார் தோட்டத்தில் கிணறு வற்றிவிட்டது, யார் மகன் திருப்பூருக்குப் போய்விட்டுத் தொலைபேசியில்கூடப் பேசுவதில்லை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பிரசங்கியாருக்குத் தெரியாது. அவருடைய வார்த்தைகளைக் கடன் வாங்கும்போது, உங்களிடம் இருக்கிற அந்த ஒரு பெரிய மூலதனத்தை நீங்களே பூட்டி வைத்துவிடுகிறீர்கள்.

என் முதல் பிரசங்கத்தைச் சொல்கிறேன். திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு சிறு சபையில், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசினேன். ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தின விசேஷம்வரை இருபத்தேழு வசனங்களை மேற்கோள் காட்டினேன். எண்ணி வைத்திருந்தேன், அதில் எனக்குப் பெருமை. ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை என்னிடம் வந்து, மிகுந்த மரியாதையோடு, "ஐயா, இன்னைக்கு எந்தப் பகுதியில பேசுனீங்க?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. ஆராதனைப் பதிவேட்டில் எழுதுவதற்காகக் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பிறகுதான் நெகேமியா எட்டாம் அதிகாரத்தைக் கவனித்து வாசித்தேன். தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியிலே ஜனங்கள் கூடுகிறார்கள். எஸ்றா மரத்தாலான பிரசங்க பீடத்தின்மேல் நின்று காலை தொடங்கி மத்தியானம்வரை நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார். லேவியர்கள் ஜனங்களுக்குள்ளே நின்று பொருள் சொல்கிறார்கள். எட்டாம் வசனம் அந்த வேலையை மூன்று வினைகளில் அடக்கிவிடுகிறது: "தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை விளங்கப்பண்ணினார்கள்." உங்களிடம் சபை எதிர்பார்ப்பதும் இந்த மூன்றையே. புதுமையாகச் சொல்ல வேண்டும் என்றோ, குரலை உயர்த்த வேண்டும் என்றோ அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

ஆகையால் அடுத்த முறை திங்கட்கிழமையே தொடங்குங்கள். அந்த வார வாசிப்புப் பகுதிகளில் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு, நாள்தோறும் ஒரு முறை சத்தமாக வாசியுங்கள். வியாழக்கிழமைவரை விளக்கவுரை எதையும் திறக்க வேண்டாம். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, எந்த இடம் உங்களுக்கே புரியவில்லை என்பவற்றைப் பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள். உங்களுக்குப் புரியாத இடம் பெரும்பாலும் சபைக்கும் புரியாத இடமே. அதைத் தாண்டிப் போகாமல் நின்றால் பிரசங்கம் அங்கேயே கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. லூக்கா 24-இல் எம்மாவு ஊருக்குப் போகும் இரண்டு சீஷர்களைப் பாருங்கள். எருசலேமிலிருந்து ஏழு அல்லது எட்டு மைல் தூரம்; மதுரையிலிருந்து நடக்கத் தொடங்கினால் திருப்பரங்குன்றத்தையும் தாண்டிப் போகிற வழி. உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். சேர்ந்தவுடன் பிரசங்கம் பண்ணவில்லை. துக்கமுகத்தோடு என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை தாமும் கூடவே நடக்கிறார். அவர்களுடைய பதிலில் ஒரு சொல் இருக்கிறது: "நாங்கள் நம்பியிருந்தோம்." நம்புகிறோம் என்று சொல்லவில்லை, நம்பியிருந்தோம் என்கிறார்கள். அந்த இறந்தகாலத்தில் மூன்று நாள் துக்கம் முழுவதும் இருக்கிறது.

தம்பி, உங்கள் ஊரில் அந்தச் சொல்லைச் சொல்லாத வீடு உண்டா? ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் வாங்கித் துளைபோட்டு, புழுதி மட்டும் வந்த அன்று அந்தக் குடும்பம் என்ன சொல்லியிருக்கும்? அந்த ஒரு வினைச்சொல்லோடு பத்து நிமிடம் நில்லுங்கள். பிறகு, கேட்டு முடித்த ஆண்டவர் மோசே தொடங்கி வேதவாக்கியங்களை விவரித்துக் காண்பித்ததையும், வீட்டுக்குள் வந்து அப்பத்தைப் பிட்டபோது அவர்களுடைய கண்கள் திறக்கப்பட்டதையும் சொல்லுங்கள். வேறு வசனம் எதுவும் தேவைப்படாது. யாரும் தூங்கமாட்டார்கள் என்று நான் உறுதி கூற முடியாது. இரவெல்லாம் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தவர் தூங்கினால், அவர் ஆண்டவருடைய வீட்டில்தானே தூங்குகிறார்!

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இந்த வட்டாரத்தில் 1834-இல் அமெரிக்க மதுரை மிஷன் தொடங்கியபோது, கிராமச் சபைகளை நாள்தோறும் தாங்கியவர்கள் ஆயருக்கு உதவியாகப் போதித்த உபதேசியார்களே. 1842-இல் திருமங்கலத்தில் தொடங்கி 1845-இல் பசுமலைக்கு மாறிய செமினரியில் பயிற்சி பெற்றவர்கள், ஊர் ஊராக நடந்து, வாசித்து, அர்த்தஞ்சொல்லி, விளங்கப்பண்ணினார்கள். நீங்கள் நிற்பது அவர்கள் நின்ற இடத்தில். யூடியூபை முழுவதும் விலக்கச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை இரவு, உங்கள் குறிப்பை எழுதி முடித்த பிறகு கேளுங்கள். வேறொருவருடைய கருத்தை எடுத்துக்கொண்டால், இது நான் கேட்டது என்று சபையில் சொல்லிவிடுங்கள். அதனால் மதிப்புக் குறையாது.

*ஐயா, நான் வீட்டில் பூக்கட்டும் தொழில் செய்கிறேன். மாட்டுத்தாவணியிலிருந்து உதிரி மல்லிகை விடியுமுன்னே வந்துவிடும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தால் மாலையாகிவிடும். வேதத்தை உட்கார்ந்து வாசிக்க நேரமில்லை. புதுவருட ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை மட்டும் சுவரில் ஒட்டித் தினமும் பார்க்கிறேன். இந்த வருடம் எனக்கு எரேமியா 29:11 கிடைத்தது. இது போதுமா? என் விசுவாசம் வளரவில்லையே என்று கஷ்டமாயிருக்கிறது.*
— சகோதரி, மதுரை

சகோதரி, அட்டையைக் கழற்ற வேண்டாம். ஆனால் அது கிழித்து எடுக்கப்பட்ட ஒரு கடிதத்தின் ஒரு வரி என்பதை அறிந்துகொள்ளுங்கள். கடிதம் முழுவதையும் வாசித்தால் அந்த வரி இன்னும் கனமாகும்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம் அது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லி ஜனங்களை மகிழ்விக்கிறான். எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதிய பிறகுதான், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற உங்கள் வசனம் வருகிறது. இந்த டிசம்பருக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று அது சொல்லவில்லை. நீண்ட காத்திருப்பின் நடுவில், அன்றாட வேலையைச் செய்துகொண்டிருக்கிறவர்களைத் தேவன் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்கிறது. விடியுமுன்னே எழுந்து பூக்கட்டுகிற உங்களுக்கு இது பொருத்தமான வசனம்தான்; நீங்கள் நினைத்த காரணத்துக்காக இல்லாமல் இருக்கலாம். (வாக்குத்தத்த அட்டை அச்சிடுகிறவர்கள் அதிகார எண்ணோடு, "முழுவதையும் வாசிக்கவும்" என்று ஒரு வரி சேர்த்தால் நாங்கள் போதகர்கள் நன்றியுள்ளவர்களாக இருப்போம்.)

நேரத்தைப் பற்றி: புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள் உள்ளன. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் வாசித்தால் 52 வாரத்தில் முடிந்துவிடும். இரண்டு நாள் தவறினாலும் கணக்குக் கெடாது. அதுவும் இயலாத நாட்களில், உங்கள் கைகள் பூவில் இருந்தாலும் வாய் சும்மாதானே இருக்கிறது! மகளிடம் சங்கீதம் 23-ஐ ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லி எதிரே வையுங்கள். மொத்தம் ஆறு வசனங்கள். வாரத்துக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டே சொன்னால் ஒன்றரை மாதத்தில் மனப்பாடமாகிவிடும். மனப்பாடமான வசனம், வாசிக்க நேரமில்லாத நாளிலும் உங்களை வாசித்துக்கொண்டிருக்கும். வளர்ச்சியை நீங்கள் அளக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரியிடம் சண்டை போட்டால் முன்பைவிடச் சீக்கிரம் சமாதானமாகிறீர்களா என்று மட்டும் எப்போதாவது பாருங்கள்.

*மேலூரில் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பழைய மொழிபெயர்ப்பு பிள்ளைகளுக்குப் புரியவில்லை. இன்றைய தமிழில் உள்ள பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுபோனால் பெரியவர்கள், "வேதத்தை மாற்றுகிறாயா?" என்கிறார்கள். என்ன செய்வது?*
— ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை

பெரியவர்களுக்கு முதலில் ஒரு சரித்திரத்தைச் சொல்லுங்கள். மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி, சில ஆண்டுகளுக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி முடித்தார்; அது 1714-க்கும் 1715-க்கும் இடையே அச்சானது. அது நமக்குப் போதும் என்று அவருக்குப் பின்வந்தவர்கள் நிறுத்திவிடவில்லை. பப்ரிசியுஸ் திருத்தினார்; இரேனியுஸ் திருத்தினார்; யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் ஒரு மொழிபெயர்ப்பைச் செய்தார், அதற்குச் சைவப் பெரியாரான ஆறுமுக நாவலர் துணைநின்றார். நம் பெரியவர்கள் "பழையது" என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் வெளிவந்தது. அதுவும் ஒரு காலத்தில் புதியதே. பப்ரிசியுஸின் "பராபரன்" பவரில் "தேவன்" ஆனார். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் "கடவுள்" ஆனார். ஆண்டவர் மாறவில்லை.

இதைச் சொன்ன பிறகு, பழையதைக் கைவிடாதீர்கள் என்று உங்களுக்கும் சொல்கிறேன். அதன் நடை காதில் நிற்கிறது. நம்முடைய கீர்த்தனைகளும் ஜெபங்களும் அந்த மொழியில் ஊறியவை. இரண்டையும் அருகருகே வையுங்கள். என் வகுப்பில் ஒரு சிறுவன், சங்கீதம் 23-இல் வரும் "நான் தாழ்ச்சியடையேன்" என்றால் "நான் கீழே விழமாட்டேன்" என்று பொருள் சொன்னான். பொது மொழிபெயர்ப்பை எடுத்து, "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று வாசித்தேன். அவன் முகம் தெளிந்தது. அடுத்த வாரமே பழைய நடையில் அதை மனப்பாடமாகச் சொன்னான், இந்த முறை பொருள் தெரிந்து.

மொழிக்கு உழைப்பது இந்த ஊருக்குப் புதிதும் அன்று. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி தமிழையும் சமஸ்கிருதத்தையும் ஊன்றிக் கற்று, கோவில், அருள், வேதம், பூசை என்று இங்கே வழங்கிய சொற்களையே எடுத்துத் தம் போதனைக்குப் பயன்படுத்தினார். கேட்கிறவருடைய சொல்லைத் தேடிப்போவது போதிக்கிறவரின் வேலை.

*பிரசங்கம் எத்தனை நிமிடம் இருக்க வேண்டும்?*
— வாசகர், வாடிப்பட்டி

இருபது நிமிடம். பவுல் துரோவாவில் நடுராத்திரிவரை பேசினார். ஐத்திகு என்ற வாலிபன் மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தான். விழுந்தவனை உயிரோடு எழுப்பும் வரம் உள்ளவர்கள் அதற்குமேல் பேசலாம்.

*ஐயா, செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் வீட்டில் வேதபாடக் கூட்டம் நடத்துகிறேன். ஆறு வருடமாகிறது. தொடங்கும்போது ஏழு பேர். இன்றைக்கும் ஏழு பேர்தான். அவர்களில் இருவர் தேநீருக்காக வருகிற பையன்கள். அடுத்த தெருவில் தொடங்கிய ஒரு கூட்டத்துக்கு நூறு பேர் வருகிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?*
— ஓய்வுபெற்ற செவிலியர், திருமங்கலம்

அம்மா, உங்கள் ஊரைச் சுற்றி மானாவாரி நிலம் வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஐப்பசி மழையை நம்பி விதைத்துவிட்டு, அடுத்த வாரம் மண்ணைக் கிளறி விதை முளைத்ததா என்று பார்க்கிறவன் யார்? யாக்கோபு, "பயிரிடுகிறவன் பூமியின் நற்பலனை அடையவேண்டுமென்று, முன்மாரியும் பின்மாரியும் வருமளவும், நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான்" என்று எழுதினார். அவருடைய நாட்டிலும் முன்மாரி ஏறக்குறைய நம்முடைய வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதங்களிலேயே விழுகிறது. அந்த மழைக்குப் பின் உழுது விதைத்து, பங்குனி சித்திரை வாக்கில் வரும் பின்மாரிக்காகக் காத்திருப்பார்கள். ஆகவே அந்த வசனத்தை விளக்கவுரை எழுதியவர்களைவிட உங்கள் ஊர்க் குடியானவர் நன்றாகப் புரிந்துகொள்வார்.

மாற்கு நான்காம் அதிகாரத்தில் இதற்கு இணையான ஓர் உவமை இருக்கிறது. மற்ற சுவிசேஷங்களில் அது இல்லை, பிரசங்கங்களிலும் அதிகம் வருவதில்லை. ஒருவன் விதைக்கிறான்; இரவில் தூங்குகிறான், பகலில் விழிக்கிறான்; "அவனுக்குத் தெரியாதவிதமாய்" விதை முளைத்துப் பயிராகிறது. விதைத்தவன் தூங்கினான் என்று ஆண்டவரே சொல்லியிருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். முளைக்கவைக்கிற வேலை அவனுடையதாக இருந்திருந்தால் அவனால் தூங்கியிருக்க முடியாது.

நூறு பேர் கூடுகிற இடத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஏழு பேருக்குள் நடக்கக்கூடிய ஒரு காரியம் நூறு பேருக்குள் நடக்காது: அங்கே ஒருவர் "எனக்கு இது புரியவில்லை" என்று சொல்லலாம். எத்தியோப்பிய மந்திரியும் பிலிப்புவும் இரதத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா" என்று பிலிப்பு கேட்டார். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று மந்திரி பதில் சொன்னார். அப்பொல்லோ என்ற போதகரையும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூட்டத்துக்கு நடுவில் திருத்தாமல், தங்களோடே சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள்.

நீங்கள் செவிலியராக இருந்தவர். வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு குறிப்பேடு வைத்திருப்பீர்கள். அந்த ஏழு பேருக்கும் அப்படி ஒரு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆறு வருடத்துக்கு முன் ஜெபிக்கவே கூச்சப்பட்டவர் இன்று ஜெபிக்கிறாரா, யாருடைய வீட்டில் குடி நின்றது, யார் யாரை மன்னித்தார் என்று நினைவுக்கு வருவதை எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை நிறுத்துவதைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம்.

தேநீருக்கு வருகிற அந்த இரண்டு பையன்களைப் பற்றி எனக்கு அதிக அக்கறை. தேநீரோடு ஒரு முறுக்கும் சேர்த்துக் கொடுங்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை பாடப் பகுதியை வாசிக்கும் பொறுப்பை அவர்களில் ஒருவனுக்குக் கொடுங்கள். கடினமான சொல்லில் தடுமாறினால், உடனே எடுத்துக்கொடுக்காமல், அவனே எழுத்துக் கூட்டி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருங்கள்.